பிடரியில் ஒரு சொட்டு

2020 ஏப்ரலில், ஊரடங்கு கடுமையாக இருந்த நாட்களில், கேரள ஹைகோர்ட்டுக்கு ஒரு பூனை வழக்கு வந்தது. மரடு பக்கம் வசிக்கும் ஒருவர் தம்முடைய மூன்று பூனைகளுக்கு பிஸ்கட் வாங்கக் கடவந்திராவில் இருக்கும் மிருக ஆஸ்பத்திரி வரை போகவேண்டும்; போலீஸ் பாஸ் கிடைக்கவில்லை. வீட்டிலோ சைவச் சமையல், பூனைக்கு மீன் வேகவைத்துப் போட வழியில்லை. மனுவை விசாரித்த நீதிபதிகள், அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுவரை எடுத்துப் பேசி, அவர் போய் வாங்கிவர அனுமதி கொடுத்தார்கள். பூனைக்காக ஹைகோர்ட் படியேறவும் ஆள் இருக்கிற ஊர் கொச்சி. அதே ஊரில், கடவந்திராவுக்குப் பக்கத்துப் பேட்டையான தேவராவிலும், பாலங்கள் தாண்டி மட்டாஞ்சேரியிலும், பூனை வளர்ப்பவர்கள் கோர்ட்டில் சொல்லித் தீர்க்கமுடியாத ஒரு சங்கடம் உண்டு. தெள்ளுப்பூச்சி மருந்து என்றால் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மருந்து போடுவது பத்து வினாடி வேலைதான். பிடரியில் முடியை விலக்கி, சின்ன பிளாஸ்டிக் குப்பியில் இருப்பதைத் தோலில் பிதுக்கிவிட்டால் முடிந்தது. ஆனால் கொச்சியில் இதை ஏறக்குறைய வருஷம் முழுக்க, மாதாமாதம் செய்யவேண்டியிருக்கிறது. ஆகவே இன்றைக்கு நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துப் போட்டுவிட்டால் ஜெயித்துவிட்டதாக ஆகாது. அடுத்த மாதமும் அந்தப் பூனை உங்கள் கைக்கு வரவேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிற யோசனைகள் எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

மாதாமாதம் ஏன் என்பதை முதலில் பார்ப்போம். பூனையின் உடம்பில் ஓடும் தெள்ளு பெரும்பாலும் ஒரே இனம்தான். விஞ்ஞானப் பெயர் டெனோசெஃபலைடஸ் ஃபெலிஸ். நாய் மேல் இருப்பதும் பெரும்பாலும் இதுவேதான். நம் கணுக்காலைக் கடிப்பதும் இதுதான். பூனைமேல் ஏறிய சில நிமிஷங்களிலேயே ரத்தம் குடிக்க ஆரம்பித்துவிடும். ஒன்று இரண்டு நாளில் பெண் தெள்ளு முட்டையிடத் தொடங்கும். நன்றாக ரத்தம் கிடைத்தால் ஒரு நாளைக்கு 40, 50 முட்டை. முட்டை முடியில் ஒட்டாது. பூனை எங்கே படுக்கிறதோ, எங்கே சொறிகிறதோ அங்கெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து சோபா அடி, பலகை இடுக்கு, பாயின் மடிப்பு என்று இருட்டுக்குள் போய்விடும். அதற்குச் சாப்பாடு, தாய்த் தெள்ளு கழித்துப்போட்ட எச்சம், அதாவது காய்ந்த ரத்தம். பிறகு கூடு கட்டும். கூட்டின்மேல் தூசும் மண்ணும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. எந்த மருந்தும் எளிதில் உள்ளே போகாது. ஆள் அரவம் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும்.

இந்தப் புழுவுக்குப் பெரிய எதிரி வறட்சி. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் காய்ந்து செத்துவிடும். அதற்கு மிகவும் பிடித்தது சுமார் 27 டிகிரி வெப்பமும் 75 சதவீதத்துக்கு மேல் ஈரமும். கொச்சிக் காயல் ஓரத்து வீடுகளுக்கு வேறு வர்ணனையே தேவையில்லை. மழைக்காலத்தில் செருப்பும் பெல்ட்டும் பூசணம் பிடிக்கிற ஊர் இது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை போனால் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை வரும். நடுவில் வெயில் அடித்தாலும் கடற்காற்றில் ஈரம் குறையாது. மதுரையிலோ திருச்சியிலோ மே மாத வெயில் செய்துகொடுக்கும் பாதி வேலையை இங்கே வானிலை செய்யாது. முட்டை இரண்டு மூன்று வாரத்தில் தெள்ளாகிக் குதிக்கும்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: ஒரு வீட்டில் இருக்கும் தெள்ளுக் கூட்டத்தில் பூனைமேல் நீங்கள் பார்ப்பது 5 சதவீதம்தான். பாதி முட்டையாகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே புழுவாகவும், மிச்சம் கூட்டுக்குள்ளும் தரையில் இருக்கிறது. "மருந்து போட்டேன், பத்தாம் நாளே திரும்ப வந்துவிட்டது, டூப்ளிகேட் மருந்து" என்று புலம்புகிறவர்கள் பலரும் பார்ப்பது மருந்தின் தோல்வியை அல்ல, கூட்டிலிருந்து புதிதாக இறங்கியவற்றை. அவையும் பூனைமேல் ஏறி மருந்து பட்டுச் சாகும். மூன்று மாதமாவது விடாமல் போட்டால்தான் தரையில் இருக்கும் சரக்கு தீரும்.

பூனைக்கு இருப்பது தெள்ளுதானா என்று பார்ப்பது சுலபம். உண்ணி ஒரே இடத்தில் கடித்துப் பிடித்துக்கொண்டு உருண்டையாகத் தொங்கும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, பழுப்பு நிறத்தில், முடிக்குள் விறுவிறுவென்று ஓடும். ஓடுவது கண்ணில் படாவிட்டாலும் எச்சம் காட்டிக்கொடுக்கும். வாலின் அடியிலும் பிடரியிலும் பல் நெருக்கமான பேன் சீப்பால் வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். ஒரு நிமிஷத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவினால் அது செரித்த ரத்தம். வெறும் மண்ணாக இருந்தால் நிறம் ஊறாது. சீப்பில் தெள்ளு மாட்டினால் நகத்தால் நசுக்க முயலாதீர்கள். அது வழுக்கிக்கொண்டு குதித்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் சீப்பை முக்கினால் மூழ்கிச் சாகும்.

பூனையின் ஆசனவாய்ப் பக்கம் அரிசி மணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்கிவிடுகிறது. அதன் வழியாகவே அந்தப் புழு உள்ளே போகிறது. தெள்ளு மருந்தோடு, பிராசிகுவான்டெல் உள்ள குடற்புழு மாத்திரையும் டாக்டரிடம் கேட்டு வாங்கவேண்டும். குட்டிகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஒரு கைப்பிடி அளவு குட்டியிடம் தெள்ளு நிறைய ஏறினால் ரத்தச்சோகையிலேயே செத்துப்போகும். ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி மருந்து. கடைகளில் பூனைக்கென்று அதிகம் கிடைப்பது ஃபிப்ரோனில். பெரும்பாலும் அதோடு எஸ்-மெத்தோபிரீன் கலந்திருக்கும். முன்னது தெள்ளின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். பின்னது முட்டையையும் புழுவையும் வளரவிடாது. ஃபிப்ரோனில் ரத்தத்தில் கலந்து வேலைசெய்வதில்லை. தோலின் எண்ணெய்ப் பசையோடு உடம்பெல்லாம் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதனால் போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக்கூடாது. எண்ணெய்ப் பசை இல்லாவிட்டால் அது பரவ வழியில்லை. இன்னொன்று செலமெக்டின். இது தோல் வழியாக உள்ளே உறிஞ்சப்படும். தெள்ளோடு காதுச் சிற்றுண்ணி, சிலவகைக் குடற்புழு ஆகியவற்றுக்கும் வேலைசெய்யும். எடைக்குத் தகுந்த அளவுகளில் வரும் என்பதால் பூனையின் எடை தெரியவேண்டும். பூனையைத் துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்துக்கொண்டால் போதும். மூன்று மாதம் தாங்கும் ஃப்ளூரலானர் சொட்டு மருந்தும் உலகச் சந்தையில் இருக்கிறது. மாதாமாதம் போராட முடியாத பூனைக்கு அது கிடைக்குமா, பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு வந்த பூனை என்றால் அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டி, சினைப் பூனை, பால் கொடுக்கும் பூனை, ஏற்கெனவே நோயில் இருக்கும் பூனை, இவை எதற்கும் கடையில் கேட்டு மருந்து வாங்கக்கூடாது. எர்ணாகுளம் மாவட்ட கால்நடை மையத்திலோ, பக்கத்து மிருக ஆஸ்பத்திரியிலோ ஒருதரம் காட்டிவிடுவது மேல்.

நாய் மருந்து. இங்கேதான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. "சேட்டா, பூனைக்குச் செள்ளு மருந்து இருக்கா?" என்று கேட்கப் போனால், "பூனைக்குத் தீர்ந்துபோச்சு, நாய்க்குள்ளது பாதி ஒழிச்சா போதும்" என்று தமிழும் மலையாளமும் கலந்து அக்கறையோடு சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலில், அந்த மாதிரி நஞ்சைப் பிரித்து வெளியேற்றும் நொதி மிகக் குறைவு. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். பாதி போட்டாலும் இதே கதைதான். மாட்டுக்கும் நாய்க்கும் தண்ணீரில் கலந்து ஊற்றும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் திரவங்களும் பூனைப் பக்கம் வரக்கூடாதவை. ஒரே வீட்டில் நாயும் பூனையும் இருந்து, நாய்க்கு பெர்மெத்ரின் போட்டிருந்தால், அது நன்றாகக் காயும்வரை இரண்டையும் ஒன்றாகப் படுக்கவிடக்கூடாது. தெரியாமல் பூனைமேல் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆட்டோவுக்குச் சொல்லுங்கள். மருந்தின் உறையையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

நம் வீட்டு வைத்தியத்திலும் ஆபத்து இருக்கிறது. அந்துருண்டையைப் பொடித்துப் படுக்கையில் போடுவது, கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துத் தடவுவது, மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைப்பது, தைல வாசனை எண்ணெய்கள், எல்லாமே பூனைக்கு விஷம். அது எதைத் தடவினாலும் நக்கிவிடும். நாமெல்லாம் மறந்துபோகிற விஷயம் இது. வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்பார்கள். பூனைக்கு அதுவும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பித் தடவ நான் சொல்லமாட்டேன்.

சரி, மருந்து கையில் இருக்கிறது. பூனை ஜன்னல் திண்ணையில் இருக்கிறது.

பூனை எதை வெறுக்கிறது என்று யோசித்தால் பாதி வேலை முடியும். மருந்தில் ஆல்கஹால் போன்ற கரைப்பான் இருப்பதால் நெடி அடிக்கும். திரவம் தோலில் சில்லென்று விழும். அலுமினிய உறை கிழிகிற சத்தம், குப்பியின் நுனி 'டக்' என்று ஒடிகிற சத்தம் வேறு. இவற்றுக்கு மேலாக, தன்னை ஒருவர் பின்னால் துரத்துகிறார், இன்னொருவர் முன்னால் மறிக்கிறார் என்பது. நம் வீடுகளில் பூனை பிடிப்பது ஒரு கூச்சல். "அங்க பாரு, பீரோவுக்குப் பின்னாடி போயிடுச்சு!" "கதவைச் சாத்துங்கம்மா!" "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க!" மருந்தைவிட இந்த ஆர்ப்பாட்டம்தான் பூனையின் மனதில் நிற்கும். அடுத்த மாதம் உறையைப் பார்த்தவுடனே அது ஓடுவது இதற்காகத்தான்.

ஆகவே ஒரு வாரம் முன்னதாக ஆரம்பியுங்கள். தினமும் சாயங்காலம் ஒரே இடத்தில், ஒரே துண்டின்மேல், முள் எடுத்த வேகவைத்த மத்தித் துணுக்கு ஒன்று கொடுங்கள். அது தின்னும்போது பிடரியில் ஒரு விரலை வைத்து முடியை விலக்கிப் பாருங்கள். அவ்வளவுதான், எழுந்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, மூடியோடு இருக்கும் பேனாவின் நுனியால் அதே இடத்தைத் தொடுங்கள். பிறகு ஈரம் தொட்ட விரல். எப்போதும் சாப்பிடும் தட்டை இதற்கு எடுக்காதீர்கள். அந்தத் தட்டின்மேல் சந்தேகம் வந்துவிட்டால் பூனை சாப்பாட்டையே குறைத்துக்கொள்ளும், அது வேறு வம்பு.

போடுகிற அன்றைக்கு மத்தியானம் நல்ல நேரம். வயிறு நிறைந்து, பூனை தூங்கி வழிகிற வேளை. இரவில் போட்டால் பிள்ளைகளோடு படுக்க வரும். மருந்து காயும்வரை அதன் பிடரியை யாரும் தொடக்கூடாது. முன்னதாகவே வேறு அறையில் போய் உறையைக் கிழித்து, நுனியை ஒடித்து, குப்பியை உள்ளங்கையில் ஒரு நிமிஷம் மூடி வைத்திருங்கள். சூடு ஏறினால் சில்லிப்பு குறையும். நுனி மேலே பார்த்தபடி இருக்கட்டும், சிந்திவிடும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கட்டிலடி, பீரோ மேல் ஆகிய இரண்டு அடைக்கலங்களையும் பெட்டி வைத்து மறைத்துவிடுங்கள். கதவைச் சாத்துங்கள். பிறகுதான் பூனையைக் கூப்பிடவேண்டும். கூப்பிடாமல் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் சரி.

பூனையின் முகம் உங்களைப் பார்க்கக்கூடாது. நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து, பூனையை இரண்டு தொடைகளுக்கும் நடுவில், உங்களுக்கு முதுகு காட்டி இருக்கும்படி வையுங்கள். அழுத்த வேண்டாம். பின்னால் போக வழியில்லை என்று தெரிந்தால் போதும். முன்னால் மத்தித் துணுக்கு. இடக்கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிடரியில், தலையோடு கழுத்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கட்டும். வெள்ளையாக ஒரு கோடு தெரியும், அதுதான் தோல். அது தெரியாமல் பிதுக்கினால் மருந்து முடியில் தங்கி வீணாகும். குப்பியின் நுனியைத் தோலில் வைத்து ஒரே அழுத்தாக முழுவதும் பிதுக்குங்கள். அழுத்தியபடியே குப்பியை எடுங்கள். விரலைத் தளர்த்திவிட்டு எடுத்தால் கடைசிச் சொட்டுகளைக் குப்பி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். தேய்க்கக்கூடாது. அந்த இடத்து முடி நனைந்து கொத்துக் கொத்தாக நிற்கும், மறுநாள் வெள்ளைப் பொடி போலத் தெரியலாம், கவலை வேண்டாம். பிடரியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது பூனையின் நாக்கு எட்டாத இடம். சோம்பல்பட்டுத் தோளுக்குக் கீழே போட்டால் நக்கிவிடும்.

போட்டவுடன் தொடையை விலக்குங்கள். அது திமிறிக்கொண்டு ஓடுவதற்கு முன் நீங்களே விடவேண்டும். இன்னொரு துணுக்கு மீன் போடுங்கள். தின்னாமல் போனால் போகட்டும், தட்டை அங்கேயே வைத்துவிடுங்கள்.

இதற்கும் அடங்காத பூனைக்குத் துண்டு. அதன் வாசனை ஏறிய பழைய பெரிய துண்டை விரித்து, நடுவில் பூனையை வைத்து, இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கைக்குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றுங்கள். தலையும் பிடரியும் மட்டும் வெளியே. ஒருவர் பிடிக்க, ஒருவர் போடலாம். பேசுகிறவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும், அதுவும் மெதுவாக. பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவது நம்மிடம் பழக்கம். தாய்ப்பூனை குட்டியைத் தூக்குகிறதே என்பார்கள். வளர்ந்த பூனைக்கு அது வலி, பயம் இரண்டும். பூனை மருத்துவர்களின் அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட கையாளும் நெறிமுறைகளும் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. மேலும், நீங்கள் மருந்து போடவேண்டிய இடமே அது. அதைப் பிடித்துக்கொண்டு எங்கே போடுவீர்கள்?

காது பின்னால் படிந்து, வால் சாட்டையாக அடித்து, கண்மணி அகலமாக விரிந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தெள்ளு ஒரு நாள் கூட இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பிடிவாதம் பிடித்தால் கடி வாங்குவீர்கள்; கேரளத்தில் பூனைக் கடியை இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கடித்தாலும், ரத்தம் வரும்படி பிறாண்டினாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்கவேண்டும். வீட்டுப் பூனைதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்கக்கூடாது. பூனைக்கும் வருஷாவருஷம் அந்த ஊசி போட்டிருக்கவேண்டும். கையில் அகப்படவே மாட்டேன் என்கிற பூனையை டாக்டரிடம் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே கொடுப்பதற்குப் பயம் குறைக்கும் மருந்தை எழுதிக்கொடுப்பார்கள்.

மருந்து போட்டபின் பூனை எப்படியோ நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளினால் பதறவேண்டாம். பூனைக்கான மருந்தாக இருந்தால், அது பெரும்பாலும் கசப்பினால் வருவது. தண்ணீரோ கொஞ்சம் மீன் சாறோ கொடுங்கள். சிறிது நேரத்தில் அடங்கும். நுரை நிற்காமல், தள்ளாட்டமோ நடுக்கமோ வாந்தியோ தொடர்ந்தால் உடனே டாக்டர். இரண்டு மூன்று பூனைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடவேண்டும், காயும்வரை தனித்தனியாக வைக்கவேண்டும். ஒன்றையொன்று நக்கிவிடும் என்பதால்தான். சாயங்காலம் விளக்கேற்றுகிற, சாம்பிராணி போடுகிற வீட்டில் இன்னொரு எச்சரிக்கை: கரைப்பான் தீப்பற்றக்கூடியது. ஈரம் காயும்வரை பூனை பூஜையறைப் பக்கம் போகவேண்டாம்.

தரையில் இருக்கும் 95 சதவீதத்தை மறந்துவிடக்கூடாது. பூனை படுக்கும் துணி, சோபா உறை, கால்மிதி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்றால், இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் தமிழ் வண்ணார் சமூகத்தார் நடத்தும் தோபிகானாவில் மழையானாலும் வேலை நடக்கிறது. சூடான இரும்பின் அடியில் முட்டையும் புழுவும் தப்பாது. (பூனை படுத்த துணியை அங்கே கொண்டுபோய்ப் போடச் சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.) வேக்யூம் கிளீனர் இருந்தால் தினமும் ஓட்டுங்கள். அது முட்டையை உறிஞ்சுவது ஒருபுறம். அதன் அதிர்வே கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை எழுப்பிவிடும், எழுந்தது பூனைமேல் ஏறி மருந்தில் சாகும். கிளீனரின் பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடவேண்டும். மட்டாஞ்சேரிப் பழைய வீடுகளில் மரத்தட்டு மாடி உண்டு. அந்தப் பலகை இடுக்குகள்தான் புழுவின் தங்குமிடம். துடைப்பத்தால் அள்ள முடியாது, ஊசிமுனைக் குழாய் போட்டு உறிஞ்சவேண்டும். கயிற்றுப் பாயை உதறினால் போதாது, வெளியே போட்டு அடிக்கவேண்டும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊர் போய்த் திரும்பினால், கதவைத் திறந்தவுடன் கணுக்காலில் நூறு ஊசி குத்தும். ஊர் போயிருந்தபோது தெள்ளு எங்கிருந்தோ வந்துவிடவில்லை. கூட்டுக்குள் காத்திருந்தவை காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் பட்டவுடன் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. ஊருக்குப் போகும் மாதத்தில் மருந்தைத் தவறவிடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிட்டங்கிகளில் பூனைக்கு எப்போதும் இடம் உண்டு. எலிக்காக வைத்திருக்கிறார்கள். சாக்குக்கு அடியில் இருட்டு, தூசு, ஈரம் என்று தெள்ளுப் புழு கேட்பதெல்லாம் அங்கே இருக்கிறது. எலி, பூனை, தெள்ளு மூன்றும் சேர்ந்த கதை மருத்துவச் சரித்திரத்திலும் உண்டு. பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வந்த பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், 1898 ஜூனில் கராச்சியில், பிளேக் எலியிலிருந்து எலிக்குத் தெள்ளின் மூலமாகத்தான் பரவுகிறது என்று சோதித்துக் காட்டினார். அவர் பிடித்த நோயாளி எலியின் மேல் தெள்ளு போதவில்லை. ஹோட்டல் பக்கம் திரிந்த பூனை ஒன்றிடமிருந்து கொஞ்சம் எடுத்து விட்டுக்கொண்டார். இன்றைக்குப் பூனைத் தெள்ளால் பிளேக் வரும் என்று யாரும் பயப்படவேண்டியதில்லை. ஆனால் தெள்ளு எச்சம் நகத்தில் படிந்த பூனை பிறாண்டினால் வரும் பார்டொனெல்லா காய்ச்சல் உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

கிட்டங்கிப் பூனையையும், சீனவலைகளின் கீழே மீனுக்குக் காத்திருக்கும் பூனையையும் யாரும் துண்டில் சுற்றமுடியாது. தினமும் சோறு வைக்கிற ஒருவர் இருப்பார். அவர் கையில் மட்டும் அது தின்னும். மருந்து போடவேண்டியவர் அவர்தான், அது தின்று முடிக்கும் கடைசி வாயில், பின்னாலிருந்து. முதல் மாதம் பாதிதான் தோலில் விழுந்தது என்றால் பரவாயில்லை. அன்றைக்கே இன்னொரு குப்பியை உடைக்காதீர்கள், அளவு கூடிவிடும். எப்போது மறுபடி போடலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு, போட்ட தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்துவிடுங்கள். அடுத்த குப்பி வாங்கும்போது உறையில் பூனைப் படம் இருக்கிறதா, பெர்மெத்ரின் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.